மூணு சக்கர வண்டி தானம் வேண்டாம் சார்!

ஜபல்பூரில் இருக்கும் நம்மவர்கள் சிலர் போன வாரம் போன் செய்தார்கள். "சார், நீங்க மண்டலா பக்கம் கிராமத்துக் கிளையிலதான இருக்கீங்க? பொங்கலை ஒட்டி ஊனமுற்ற இருபது பேருக்கு மூணு சக்கர வண்டி கொடுக்கலாம்னு இருக்கோம். ஆளுங்களைத் திரட்டிக் கொடுங்க, தலைமையும் நீங்கதான்" என்றார்கள். நல்ல மனுஷர்கள்தான். ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன். போனில் காரணம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இங்கே வண்டிக்குப் பஞ்சமில்லை ஐயா. ஓடுகிற வண்டிக்குத்தான் பஞ்சம். கிராமத்துக்குள் போனால் இலுப்பை மரத்தடியில் ஒன்று நிற்கும், கோழி அடைய. இன்னொன்றின் மேல் விறகு காயும். எல்லாம் ஏதோ ஒரு முகாமில் மாலை, போட்டோ சகிதம் கொடுத்ததுதான். கையால் சுற்றுகிற வண்டி, கருப்பு மண் பாதை, நாலு மாத மழை. முதலில் செயின் அறுகிறது, பிறகு பேரிங் போகிறது. சந்தைக்கு வரும் சைக்கிள் கடைக்காரர் டியூப் ஒட்டுவார், அவ்வளவுதான். இந்த வண்டிகளைச் செய்யும் மத்திய அரசு நிறுவனமான அலிம்கோவுக்குக் கான்பூரில் தலைமையகம், ஜபல்பூரிலேயே ஒரு உற்பத்தி மையம். வண்டி வந்து சேர்ந்த தூரத்தை ஒரு பேரிங் வந்து சேர மாட்டேன் என்கிறது.

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் போக நான் யோக்கியன் இல்லை. இரண்டு வருஷம் முன்பு ஒரு பெண்ணின் கணக்கு கேஒய்சி இல்லாமல் முடங்கியது. இடுப்புக்குக் கீழ் அசைவில்லை, விரல்களும் மடங்கிப் போனவை. "நேரில் வரணும்" என்று சொன்ன மேனேஜர் நான்தான். அப்பா அவளை முதுகில் சுமந்து எங்கள் கிளையின் ஆறு படிகளும் ஏறினார். மெஷின் ரேகையை எடுக்கவில்லை. "நாளைக்கு வாங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரி சாஹிப்" என்று மறுபடி குனிந்து அவளை முதுகில் ஏற்றிக்கொண்டார். வந்து போன ஆட்டோவுக்கு அந்த மாத உதவித்தொகையில் பாதி போயிருக்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டுக்கே போய்ச் சேவை செய்யுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருந்தது. என் ஃபைலில்தான் இருந்தது. மறுநாள் பேங்க் மித்ராவை மெஷினோடு அவர்கள் வீட்டுக்கு அனுப்பினேன். கருவிழியை வைத்து, அரை மணியில் வேலை முடிந்தது. அரை மணி!

2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் ஊனமுற்றோர் 2.68 கோடி பேர். அதில் நூற்றுக்கு 69 பேர் கிராமத்தில். முகாம், சான்றிதழ், மருத்துவர் எல்லாம் மாவட்டத் தலைநகரில். நடக்க முடியாதவரைத்தான் நாம் அதிக தூரம் அலைய வைக்கிறோம். பி.காம் மூளைக்கு இன்னொரு உறுத்தல். மற்றவர்களுக்கான அதேபோன்ற திட்டத்தைவிட ஊனமுற்றோருக்கு 25 சதவீதமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது 2016 சட்டம். விதவை ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 300 ரூபாய். ஊனமுற்றோருக்கு? அதுவும் அதே 300. அதுவும் 80 சதவீத ஊனமும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயரும் இருந்தால்தான். 2012-ல் நிர்ணயித்த தொகை இது.

"அதெல்லாம் சர்க்கார் பார்க்கணும், நாம ஏதோ முடிஞ்சதைச் செய்யறோம்" என்பீர்கள். சரி, முடிந்ததையே செய்யுங்கள், ஆனால் ஒரு நாளில் முடிந்துபோகிறதைச் செய்யாதீர்கள். இருபது வண்டி வாங்கும் பணத்தில் அந்தச் சைக்கிள் கடைக்காரருக்குச் செயின், பேரிங், டயர் வாங்கி வைத்து, வாரம் ஒரு நாள் ஊர் ஊராகப் போக வருஷம் முழுக்கக் கூலி கொடுக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பணம் கொடுத்தால் பேங்க் மித்ராவுக்குக் கமிஷன் பெட்ரோலுக்கே காணாது, அதில் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம். போட்டோவுக்கு நன்றாக இருக்காது என்பது எனக்கும் தெரியும். (தங்கமணி சொல்கிறாள்: "மெக்கானிக் கழுத்துல மாலை போட்டு எடுத்துக்கச் சொல்லுங்க.")

கடைக்காரரிடம் பேசிவிட்டேன், சம்மதம். என்னென்ன சாமான், என்ன விலை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். எங்கள் கிளைக்குச் சாய்தளம் கேட்டு மேலே எழுதியது இரண்டு முறை, பதில் இன்னும் வரவில்லை. மூன்றாவது கடிதம் நாளை போகிறது.