மலையமான் அவையின் பாட்டு

மன்னனின் விழாவுக்கோ கொடைக்கோ பிறந்த பாட்டு என்றால், கூலிக்குப் பாடிய புகழ்ச்சி என்று தள்ளிவிடும் வழக்கம் நம் விமர்சனத்தில் ஊறிப்போயிருக்கிறது. அப்படித் தள்ளினால் கள்ளக்குறிச்சி மாவட்டம் தன் மிகப் பழைய இலக்கியச் சொத்தையே இழந்துவிடும். பெண்ணையாற்றங்கரைக் கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் 121 முதல் 124 வரை அடுத்தடுத்து நிற்கின்றன. கொடுப்பது எளிது, வருகிறவரின் தரம் அறிவதுதான் அரிது, புலவர்களை ஒரே கண்ணால் பார்ப்பதை விட்டுவிடு என்று, பரிசில் பெற வந்தவர் கொடுப்பவனுக்கே புத்தி சொல்கிறார். அடுத்த பாட்டு இன்னும் துணிச்சலானது. நாடு அந்தணர்க்கு, வேந்தர் தரும் பொருள் பரிசிலர்க்கு, மனைவியின் தோளைத் தவிர உனக்கென்று எதுவும் இல்லை என்று அவனுடைய உடைமைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகிறது. இது முகத்துதியா? அவைப் பாட்டுக்கு வேறொரு பலமும் இருந்தது. மலையமானின் மக்களை யானைக்காலில் இட முனைந்த சோழன் கிள்ளிவளவனைப் புலவர் கோவூர்கிழார் பாடித் தடுத்ததாக 46ஆம் பாட்டின் பழங்குறிப்பு சொல்கிறது.

பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்திவிடும் வெற்றுச் சொற்கள்தானே இவை என்று கேட்கலாம். ஐரோப்பாவிலும் இக்கேள்வி உண்டு. சாக்சனி ஆட்சியாளரின் மனைவி மரியா யோசெஃபாவின் பிறந்தநாளுக்காக ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இயற்றிய கான்டாட்டா எனும் இசைப்பாடல் 1733 டிசம்பர் 8 அன்று லைப்சிக்கில் அரங்கேறியது. முரசும் எக்காளமும் முழங்கும் அதன் தொடக்கப் பாடலை மறுஆண்டே அவர் சொற்களை மட்டும் மாற்றிக் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோவின் முகப்பில் வைத்தார். அரசியின் புகழ் உதிர்ந்தும் இசை நின்றது என்றால், அதன் உயிர் அரசியிடம் இல்லை, ஆக்கியவரிடம் இருந்தது என்றே பொருள். கபிலரின் பாட்டோ பெயர் மாற்றவும் இடம் தராது. கழிக்கக் கழிக்கப் பெருமிதம் கூடும் தலைவன் ஒருவனுக்குத்தான் அது பொருந்தும்.

வலுவான மறுப்பு ஒன்று மிஞ்சுகிறது: அவை இருந்தவர்களின் பாட்டுதான் எழுத்தில் ஏறியது, மற்றவர்களின் பாட்டு எங்கே? இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். கல்வராயன் மலை ஊர்கள் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் எனும் மூன்று ஜாகீர்களின் கீழ் கிடந்து 1976இல்தான் அரசின் கைக்கு வந்தன. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் கல்யாணப் பாட்டுக்கும் விதைப்புப் பாட்டுக்கும் ஏட்டில் எழுதிவைக்கப் புரவலர் எவரும் வாய்க்கவில்லை. ஆனால் இந்தக் குறை கபிலரைத் தள்ளுவதால் தீராது, அந்தப் பாட்டுகளை எழுதிவைப்பதால்தான் தீரும். கள்ளக்குறிச்சிக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் மாணவர்களை மலைக்கு அனுப்பட்டும். பாடுகிறவரின் பெயரோடும் ஊரோடும், அவர் இசைவோடு, பாட்டுகளைப் பதிந்து வரட்டும். அப்பதிவுகளுக்கு இவ்விதழின் பக்கங்கள் திறந்திருக்கின்றன.