ரேகாபியரும் பர்கர் மேஜையும்



"பாஸ்டர் ஐயா, மகனுடைய ஆபீசில் டீம் டின்னர் என்று பப்பிற்கு அழைக்கிறார்கள். அந்த இடத்தில் பர்கர் பிரசித்தமாம். அதை மாத்திரம் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறான். அனுப்பலாமா?" பெங்களூருக்குப் பிழைக்க வந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஐ.டி. கம்பெனியில் வேலையில் அமர்ந்ததைக் கண்டு கர்த்தரைத் துதித்த தாய்மார் கேட்கிற கேள்வி இது. கேட்கிறவர்களில் சிலர் சாராயத்தினால் தகப்பனையோ கணவனையோ பறிகொடுத்தவர்கள். ஆகையால் இதைச் சிரித்துத் தள்ளவும் கூடாது. ஒரே வார்த்தையில் "கூடாது" என்று சொல்லி முடிக்கவும் இயலாது.

கர்நாடக அரசு 2007 ஜூலை 1 முதல் சாராய விற்பனையைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு மே மாதத்திலே பெங்களூர்ப் பகுதியிலும், எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மரித்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்த ஏழைகள். அதே 2008-ஆம் ஆண்டிலே இந்நகரத்தின் செயின்ட் மார்க்ஸ் ரோட்டில் ஹார்ட் ராக் கஃபே திறக்கப்பட்டது. சாராயக் கடையைக் குறித்து எப்படிப் பேசவேண்டும் என்று நம்முடைய சபைகளுக்கு நன்றாகத் தெரியும். குளிர்சாதன வசதியும், இசையும், குழந்தைகளுக்குத் தனி நாற்காலியும் உள்ள இடத்தைக் குறித்துப் பேச வார்த்தை கிடைப்பதில்லை. நாம் பேசாததினாலே பிள்ளைகள் மறைக்கிறார்கள். "ஆபீசில் வேலை அதிகம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பர்கரைவிட அந்தப் பொய்யே பயமாயிருக்கிறது.

அந்த ஹார்ட் ராக் கஃபேயைச் சற்று கவனிப்போம். 1971-இல் ஐசக் டிக்ரெட், பீட்டர் மார்ட்டன் என்னும் இரண்டு அமெரிக்க இளைஞர்கள், தங்கள் தேசத்துப் பர்கர் லண்டனிலும் கிடைக்கவேண்டும் என்று தொடங்கிய உணவகம் அது. இன்று உலகத்தின் பல நகரங்களில் அதன் கிளைகள் உண்டு. பாடகர்களுடைய கிட்டார்கள் சுவரில் தொங்கும்; ஒரு பக்கம் மதுபானம், மறுபக்கம் பர்கர். "எல்லாரையும் நேசி, எல்லாருக்கும் ஊழியஞ்செய்" என்பது அந்த நிறுவனத்தின் வாசகம். நம்முடைய சபைச் சுவரில் இருக்கவேண்டிய வாசகம் அங்கே இருக்கிறதே என்று எண்ணாமலிருக்க முடியவில்லை! பெங்களூரில் அது அமைந்த கற்கட்டடமோ, ஒரு காலத்தில் கிறிஸ்தவப் புத்தகங்கள் இருந்த இடம். இதைக் கேள்விப்படும் விசுவாசிகள் பெருமூச்சு விடுவார்கள். பெருமூச்சு நியாயமே. ஆனாலும் இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியை எரேமியா 35-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

அங்கே தீர்க்கதரிசியாகிய எரேமியா, கர்த்தருடைய கட்டளையின்படி, ரேகாபியரைத் தேவாலயத்தின் அறை ஒன்றிற்கு அழைத்துவந்து, திராட்சரசம் நிறைந்த குடங்களையும் கிண்ணங்களையும் அவர்கள் முன் வைத்து, குடியுங்கள் என்கிறார். யோசித்துப் பாருங்கள். இடம் ஆலயம். அழைத்தவர் ஊழியக்காரர். வேண்டாம் என்று சொல்லுவதற்கு அதைவிடக் கடினமான மேஜை உண்டா? நம்முடைய பிள்ளைகளின் டீம் லீடர் எம்மாத்திரம்! ஆனாலும் அவர்கள் குடிக்கவில்லை. எங்கள் தகப்பனாகிய யோனதாப் எங்களுக்கு இப்படிக் கட்டளையிட்டான் என்று காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

இந்த ரேகாபியர் யார்? நம்மைப்போல ஊர் விட்டு வந்தவர்கள். வீடு கட்டாமலும், பயிரிடாமலும், கூடாரங்களில் குடியிருக்கவேண்டும் என்பதும் யோனதாபின் கட்டளையில் அடங்கும். ஆனால் கல்தேயருடைய சேனைக்குப் பயந்து எருசலேம் நகரத்துக்குள் வந்துவிட்டார்கள். நெருக்கத்தினிமித்தம் பட்டணவாசத்தை ஏற்றுக்கொண்டார்கள். கிண்ணத்தை மாத்திரம் ஏற்கவில்லை. யோனதாப் யெகூ ராஜாவின் காலத்தவன். இடையிலே 200 ஆண்டுகளுக்கும் மேல் கடந்துபோயிற்று. அத்தனை தலைமுறைகளாக அந்தக் கட்டளை எப்படி நிலைத்தது? வாசலில் காவல் வைத்து அல்ல. வீட்டிலே தகப்பன் பிள்ளைக்குக் காரணத்தோடு சொல்லிச் சொல்லி நிலைத்திருக்கவேண்டும். கர்த்தர் அவர்களுடைய கீழ்ப்படிதலையே யூதாவுக்கு எடுத்துக்காட்டினார் என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே சுவர் ஒருவனைப் பரிசுத்தமாக்குவதுமில்லை, தீட்டுப்படுத்துவதுமில்லை. நம்முடைய ஆண்டவர் ஆயக்காரனாகிய லேவியின் வீட்டு விருந்தில் பந்தியிருந்தார்; போஜனப்பிரியன் என்ற அவப்பெயரையும் சுமந்தார். அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்து, போக மனதிருந்தால் போகலாம் என்று பவுல் 1 கொரிந்தியர் 10-இல் அனுமதிக்கிறார். அதே அதிகாரத்திலேதான் கர்த்தருடைய பாத்திரத்தையும் பேய்களுடைய பாத்திரத்தையும் சேர்த்துப் பானம்பண்ணக்கூடாது என்றும் எச்சரிக்கிறார். மகன் போகலாம், பர்கர் புசிக்கலாம், கிண்ணம் அவனுக்குரியதல்ல.

ஆனால் குடியிலிருந்து விடுதலை பெற்ற சகோதரர்களுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. ஓராண்டு, ஈராண்டுக்கு முன்பு பாட்டிலை விட்டவருக்கு, அந்த வாசனை ஒன்றே போதும். அவர் போகவே கூடாது. அவருக்கு முன்மாதிரி விருந்தில் அமர்ந்தவர்கள் அல்ல, வஸ்திரத்தை விட்டு ஓடிப்போன யோசேப்பு. அப்படிப்பட்ட சகோதரர் உங்கள் டீமில் இருப்பாரானால், நீங்களும் போகாமல் அவரோடு வேறு இடத்தில் தோசை சாப்பிடுங்கள்.

போகிற பிள்ளைகளுக்குச் சில காரியங்கள். தானியேல் ராஜாவின் பந்தியைக் குறித்துத் தன் இருதயத்தில் முன்னதாகவே தீர்மானித்தான். மெனு அட்டை கையில் வந்தபின் தீர்மானிக்கத் தொடங்கினால் தாமதமாகிவிடும். உட்கார்ந்தவுடன் எலுமிச்சை சோடாவுக்குச் சொல்லிவிடுங்கள். காலியான கையைக் கண்டால்தான் வற்புறுத்துவார்கள். மருந்து சாப்பிடுகிறேன், வயிறு சரியில்லை என்று காரணம் கற்பிக்காதிருங்கள். "நான் குடிப்பதில்லை, நான் கிறிஸ்துவின் விசுவாசி" என்று ஒருமுறை புன்னகையோடு சொன்னால் போதும். அடுத்தவர் கிண்ணத்தைப் பார்த்து முகஞ்சுளிக்கவும் வேண்டாம்.

பில்லைச் சமமாகப் பங்கிட்டால் மற்றவர்களுடைய பீருக்கும் நான் பணம் கொடுத்ததாகுமே என்று சில வாலிபர் கேட்கிறார்கள். நல்ல மனச்சாட்சி! மதுபானம் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால், பில்லில் உணவும் மதுவும் பிரிந்தே நிற்கும். என் பங்கை உணவுக் கணக்கில் தருகிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். கைப்பேசியில் பணம் அனுப்புகிற இந்நாட்களில் அது ஒரு பாரமல்ல.

திரும்பும்போது வண்டியை ஓட்ட முன்வாருங்கள். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். குடித்த நண்பரைப் பத்திரமாய் அவர் மனைவியிடத்தில் சேர்க்கிற விசுவாசியை அந்த வீடு மறக்காது.

மகள்மாரைக் குறித்தும் ஒரு வார்த்தை. 2009 ஜனவரி 24 அன்று மங்களூரில் ஒரு பப்பில் இருந்த பெண்களைக் கலாச்சாரத்தின் பெயரால் சிலர் அடித்துத் துரத்தினார்கள். அதைத் தொலைக்காட்சியில் கண்ட நம்மவரில் சிலர், "அவர்களுக்கு வேண்டியதுதான்" என்றார்கள். விசுவாசியின் வாயில் வரத்தகாத பேச்சு அது. மகனுக்குச் சொல்லுகிற அதே ஆலோசனையை மகளுக்கும் சொல்லுங்கள். மகனுக்கு ஒன்று, மகளுக்கு வேறொன்று என்று வைக்காதிருங்கள்.

தாய்மாரே, பிள்ளை அன்றிரவு கதவைத் தட்டும்போது முகர்ந்து பார்ப்பதற்காக அருகே போகாதிருங்கள். பர்கர் எப்படியிருந்தது, யார் யார் வந்தார்கள், உன்னை யாராவது வற்புறுத்தினார்களா என்று கேளுங்கள். அவன் சொல்லும்வரை தூங்கப் போகாதிருங்கள். இட்லி மாவு ஆட்டுகிற வேலை இருந்தால், அதை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.