ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைக் கேப்பாங்க?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். இதில் மருத்துவ ஆலோசனை எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தனோட புலம்பல்னு வெச்சுக்கங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால அக்கா பொண்ணுக்கு டெங்கு. அப்போ ஆறு வயசு. ஜுரம் விட்டுப்போச்சேன்னு நாங்க நிம்மதியா இருந்த அன்னிக்குத்தான் கைகால் ஜில்லிட்டுச் சுருண்டு படுத்தா. டெங்குவில் ஜுரம் இறங்குற நேரம்தான் ஆபத்தான நேரம்ங்கிறது அதுவரைக்கும் எங்க யாருக்கும் தெரியாது. எங்க ஊர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுன்னா மொத்தம் நாலு கட்டில். ராத்திரி டியூட்டியில் ஒரு இளம் டாக்டர், ரெண்டு நர்ஸ்.

மனுஷன் உட்காரவே இல்லை. ரத்தம் எடுத்துப் பாக்கறார், நாடி பிடிக்கறார், சலைனைக் கூட்டறார், குறைக்கறார். நடுநடுவே பாக்கெட்டில் இருந்து போனை எடுத்து எதையோ உத்து உத்துப் பாக்கறார். எனக்கு வந்ததே கோவம். புள்ளை இங்க கிடக்கு, இந்தாளுக்கு வாட்ஸப்பா?

காலையில் அவள் கண்ணைத் தொறந்து தோசை கேட்டப்புறம், டீக்கடையில் அவரைப் பிடிச்சேன்.

"ராத்திரி போன்ல என்ன டாக்டர் பாத்துட்டே இருந்தீங்க?"

அவர் சிரிச்சுக்கிட்டே காட்டினார். யாரோ பேப்பரில் எழுதின ஒரு அட்டவணை. குழந்தையோட எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சலைன், எப்போ குறைக்கணும்னு. அதைப் போட்டோ எடுத்து, அதை இன்னொருத்தர் போட்டோ எடுத்து, ஓரமெல்லாம் மங்கிப்போயிருந்தது.

"எங்க சீனியர் அனுப்பினது சார். அவர் போனை எடுத்துட்டா இது தேவையே இல்ல. நேத்து எடுக்கல, பாவம் தூங்கிட்டார்."

"இது எந்த வருஷத்து அட்டவணை டாக்டர்?"

"அது தெரியல சார்."

டெங்கு ஷாக்கில் ரத்தக்குழாயில் இருந்து நீர் வெளியே கசியுது. சலைன் குறைஞ்சா ரத்த அழுத்தம் விழும். கூடிப்போனா கசிஞ்ச தண்ணி நுரையீரலைச் சுத்திச் சேர்ந்து மூச்சு முட்டும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி மேல நடக்கற வேலை அது. அந்தக் கம்பியில் நடக்க அவர் கையில் இருந்தது தேதி இல்லாத ஒரு மங்கின போட்டோ. அவரைக் குத்தம் சொல்லலை. அவரால்தான் அவள் இன்னிக்கு இருக்கா. ஆனா அந்தப் போட்டோ என் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

சரி, உலகத்தில் இதுக்கு யாரும் எதுவும் செய்யலையான்னு தேடினேன். செஞ்சிருக்காங்க. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை, ஐபிஎம் நிறுவனத்தோடு சேர்ந்து ஓப்பன்பீடியாட்ரிக்ஸ்னு ஒண்ணு உருவாக்கியிருக்கு. உலகத்தில் எந்த மூலையில் இருக்கற டாக்டரும் நர்ஸும் காசு கொடுக்காம படிக்கலாம், பாக்கலாம். வெண்டிலேட்டரை நிஜக் குழந்தை மேல வைக்கறதுக்கு முன்னால திரையில் பழகிப் பாக்கக்கூட வழி பண்ணியிருக்காங்க. பெரிய மனசு. கும்பிடு போடறேன்.

ஆனா எனக்கு ஒரு ஆனா இருக்கு. பாடத்தை மேலே இருந்து கீழே அனுப்பிட்டா மட்டும் போதுமா?

கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்ததைப் பாருங்க. கடுமையான ஜுரத்தோட ரத்த ஓட்டம் குறைஞ்சு வர்ற குழந்தைக்கு வேகமா சலைன் ஏத்தணும்ங்கிறது பணக்கார நாட்டு ஆஸ்பத்திரிகளில் வேதவாக்கு. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3141 குழந்தைகளை வெச்சு அதைச் சோதிச்சாங்க. ஃபீஸ்ட் ஆய்வுன்னு பேரு, 2011இல் வெளிவந்தது. வேகமா ஏத்தின குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவங்க நூத்துக்குப் பத்துக்கும் மேல. அப்படி ஏத்தாத குழந்தைகளில் 7.3. எல்லாரும் தலைகீழாத்தான் நினைச்சிருந்தாங்க. அந்த ஆஸ்பத்திரிகளில் தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. அதுக்கு அப்புறம் 2020இல் வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டி, தீவிர சிகிச்சை வசதி இல்லாத இடத்தில் ரத்த அழுத்தம் விழாத குழந்தைக்கு அப்படி வேகமா ஏத்த வேண்டாம்னு தனியாவே எழுதிடுச்சு. (டெங்கு ஷாக்குக்குக் கணக்கு வேற. அதனாலதான் சொல்றேன், ஒரே அட்டவணை எல்லாருக்கும் ஆகாது.)

இன்னொரு கதை. வங்கதேசத்து டாக்டர் முகமது ஜோபாயர் சிஷ்டி. நிமோனியா வந்த குழந்தைக்குக் கொஞ்சம் அழுத்தத்தோட ஆக்ஸிஜன் கொடுக்க, டாக்காவில் ஒரு ஷாம்பூ பாட்டிலையும் டியூபையும் வெச்சு ஏற்பாடு பண்ணினார். பாட்டில் தண்ணிக்குள் டியூபோட மறுமுனை, குழந்தை மூச்சு விட விட குமிழி வரும், அவ்வளவுதான். 2015இல் லான்செட்டில் வந்த ஆய்வில், சாதாரணமா ஆக்ஸிஜன் கொடுத்த குழந்தைகளில் நூத்துக்கு 15 பேர் இறந்தாங்க, குமிழி முறையில் 4 பேர். ஆஹான்னு கைதட்டத் தோணுதா? பொறுங்க. மலாவியில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில், எச்ஐவி, ஊட்டச்சத்துக் குறைவு மாதிரி கூடுதல் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கு இந்தக் குமிழி முறையைக் கொடுத்துப் பாத்தாங்க. 2019இல் முடிவு வந்தது. அங்க குமிழி முறையில் இறந்தவங்கதான் அதிகம், நூத்துக்கு 17. சாதாரண ஆக்ஸிஜனில் 11. டாக்காவில் பக்கத்திலேயே எப்பவும் டாக்டர்கள் இருந்தாங்க. மலாவியில் தினமும் வந்து பாக்க டாக்டர் இல்லை. அதுக்கப்புறம் எத்தியோப்பியாவில் பயிற்சியும் மேற்பார்வையும் சேர்த்துச் செஞ்சாங்க, 2024இல் வந்த முடிவு நல்லபடியா இருந்தது.

முறை என்னவோ அதே குமிழி முறைதான். பக்கத்தில் யார் நிக்கறாங்கங்கிறதுதான் வித்தியாசம். பாட்டில் செய்யற வீடியோவை மட்டும் போட்டுட்டு, யார் நின்னாங்கங்கிறதை விட்டுட்டா, அது பாதி உண்மை. தீவிர சிகிச்சையில் பாதி உண்மை ஆளைக் கொல்லும்.

இதில் நமக்கும் ஒரு அனுபவம் உண்டு. 1998 பொங்கலன்னிக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம் ஞாபகம் இருக்கா? முன்னப்பின்ன பாத்திராத ஆளுங்க, ஆளுக்குக் கொஞ்சம் தட்டச்சு பண்ணி, அடுத்தவர் பிழை திருத்தி, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏத்தினாங்க. ஒரு பைசா வாங்கலை. கூடி இழுத்தால் தேர் நகரும்னு கண்ணால பாத்த கூட்டம் நாம. ஆனா அங்க ஒரு 'ற' 'ர' ஆச்சுன்னா வாத்தியார் திட்டுவார், அவ்வளவுதான். இங்க ஒரு புள்ளி தள்ளி விழுந்தா மருந்து பத்து மடங்கு ஆயிடும். அதனால மருத்துவர்கள் கூட்டு முயற்சிக்கு நம்ம உற்சாகம் மட்டும் போதாது, இன்னும் சிலது வேணும்னு தோணுது.

ஒண்ணு: ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும், யார் சரிபார்த்தாங்கன்னும், எப்படிப்பட்ட ஆஸ்பத்திரியில் சோதிச்சதுன்னும் இருக்கணும். வெண்டிலேட்டர் இல்லாத இடத்துக்கு வேற பக்கம்.

ரெண்டு: நாலு கட்டில் டாக்டரும் எழுதணும், படிக்க மட்டும் இல்லை. அவர் பாத்த டெங்குக் குழந்தைகளை எத்தனை பெரிய நாட்டு நிபுணர் பாத்திருப்பார்? குழந்தையோட பேர், முகம் வெளியே போகாம, "நான் இப்படிச் செஞ்சேன், இங்க தப்பு விட்டேன்"னு எழுத ஒரு இடம் வேணும்.

மூணு: நர்ஸுங்க. விடிய விடியக் கட்டில் பக்கத்தில் நிக்கறது அவங்கதான். அவங்களுக்குத் தமிழில் ஏன் இருக்கக்கூடாது? நாம உதவக்கூடிய இடம் இதுதான், ஆனா டாக்டர் ஒருத்தர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டப்புறம்.

நாலு: கனமான வீடியோ பகல் வேளைக்கு. ராத்திரிக்கு ஒரே ஒரு பக்கம். சிக்னல் இல்லாட்டியும் போனில் இருக்கணும், அச்சடிச்சுச் சுவத்தில் ஒட்டவும் முடியணும்.

கடைசியா, இதைச் செய்யற டாக்டர்களுக்கு இதுவும் வேலைன்னு ஆஸ்பத்திரிகள் ஒத்துக்கணும். முப்பத்தாறு மணி நேர டியூட்டி பாத்துட்டு வந்தவரைத் தூக்கத்தைத் திருடி ஊருக்கு உழைன்னு சொன்னா, ரெண்டாம் வருஷம் அந்தப் பக்கத்தில் தேதி மாறாது. மறுபடி மங்கின போட்டோதான்.

அக்கா பொண்ணு இப்போ மூணாங்கிளாஸ். டாக்டர் ஆகப்போறாளாம். ஆகட்டும். அன்னிக்கு அவளுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குச் சந்தேகம் வந்தா, கேக்க ஒரு நல்ல இடம் இருக்கணும்.