உண்ணாத பாம்பும் ஊட்டத் துடிக்கும் கைகளும்



சில மாதங்களுக்கு முன்பு என் மாணவன் ஒருவன் முகம் வாடி வகுப்பில் அமர்ந்திருந்தான். காரணம் வினவினேன். "எங்க பாம்பு அஞ்சு வாரமா சாப்பிடலங்க ஐயா. செத்துப் போயிடுமா?" என்றான். சுங்கைப் பட்டாணித் தாமான் ஒன்றில் உள்ள அவன் வீட்டில், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு ஒன்று வளர்கிறது. "அப்பாவிடம் சொல்லி எப்படியாவது உண்ணச் செய்" என்று கூறிவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.

அன்றிரவு அவன் தந்தை உயிருள்ள எலி ஒன்றைக் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டிருக்கிறார். விடிந்து பார்த்தால் பாம்பு எலியைத் தொடவில்லை. எலிதான் பாம்பின் முதுகைக் கடித்துப் புண்ணாக்கியிருந்தது. அறியாத ஒன்றுக்கு விடை சொன்ன குற்றம் என்னுடையது. அதன்பின்பே நூல்களைத் தேடிப் படித்தேன்.

இனப்பெருக்கப் பருவத்தில் பந்து மலைப்பாம்பு இரையை மறுப்பது நோயன்று, இயல்பு. ஆண்பாம்பு இணை தேடும் வேட்கையில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில்கூட உண்ணாதிருக்கும். தொட்டியில் தனியாக இருந்தாலும் அப்படித்தான். கருவுற்ற பெண்பாம்பும் உண்ண மறுக்கும். முட்டையிட்டபின் அவற்றைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மாதம் அடைகாக்கும். பருவத்திற்கு முன் சேர்த்துவைத்த கொழுப்பே அதற்கு உணவு. பாம்பு குளிர் இரத்தப் பிராணி. நம்மைப்போல் உடற்சூட்டைக் காக்க நாள்தோறும் உண்ண வேண்டிய தேவை அதற்கில்லை.

ஆகவே, வளர்ப்போர் செய்ய வேண்டியது எடை பார்ப்பதுதான். சமையலறைத் தராசே போதும். எடை பெரிதும் குறையவில்லையெனில் அஞ்ச வேண்டியதில்லை. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். எடை வேகமாகக் குறைந்தாலோ, வாயில் சளி தென்பட்டாலோ கால்நடை மருத்துவரை நாடுங்கள். வாயைப் பிளந்து திணிப்பது வேண்டாம். முட்டையிட்டு முடித்த பெண்பாம்புக்கு முதலில் சிறிய இரை கொடுங்கள்.

நம்மவர்க்கு அன்பென்றால் ஊட்டுவது. 'சாப்பிட்டாயா?' என்பதுதானே நம் நலம் விசாரிப்பு! தோட்டத்தில் என் பாட்டி ஆடி மாதத்தில் புற்றுக்குப் பால் வார்த்ததும் அந்த அன்பினால்தான். அவர் பக்தியை நான் குறை கூறவில்லை. ஆனால் பாம்புக்குப் பால் உணவன்று. தாகத்தால் தவிக்கும் பாம்பு எதைக் கண்டாலும் குடிக்கும், அவ்வளவே. வட இந்தியாவில் நாக பஞ்சமிக்காகப் பிடாரர்கள் பாம்புகளைப் பட்டினி போட்டே பால் குடிக்க வைப்பர் என்பதை அறிந்தபோது மனம் கனத்தது.

செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். அடைகாக்கும் மலைப்பாம்பைக் கண்டால் கோழியை எறிந்து வேடிக்கை பார்க்கக் கூடாது. விலகி நின்று பொதுத் தற்காப்புப் படையினரை அழைக்கச் சொல்லுங்கள். அதைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதோ, உரிமமின்றேல் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பாம்பு வாங்குவோரும் முதலில் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டறிவது நலம்.

அந்த மாணவனிடம் தவற்றை ஒப்புக்கொண்டேன். மருந்திட்டதில் புண் ஆறியது. வாரந்தோறும் எடையை எழுதிவர ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். ஒன்பதாம் வாரப் பக்கத்தில் எடைக்குக் கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தான்: "இன்று ஒரு சின்ன எலி சாப்பிட்டது."