கடலில் இறங்கினால் போதுமா?

மாணவர்களே, விண்கலம் வான்குடை விரித்துக் கடலில் இறங்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். நீரைத் தொட்டதும் எல்லாரும் கைதட்டுகிறார்கள். ஆனால், உள்ளே இருக்கும் விண்வெளி வீரர்களுக்கு இன்னொரு சோதனை அப்போதுதான் தொடங்குகிறது. அதுதான் புழுக்கம்.

அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிறதல்லவா? விண்கலமும் அப்படித்தான். நிலவிலிருந்து திரும்பும் ஓரியன் விண்கலத்தின் வெப்பக் கவசம் ஏறத்தாழ 2,760 டிகிரி செல்சியசைத் தாங்குகிறது. இறங்கிய பின், அந்தச் சூட்டில் ஒரு பகுதி மெல்ல உள்ளே பரவும். மின்கருவிகளும் சூட்டை வெளிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலே ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடும். மூடிய அறையில் ஈரப்பதம் கூடினால் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடலும் குளிராது.

விண்வெளியில் ஓரியனின் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகள் சேவைப் பகுதியில் உள்ளன. வளிமண்டலத்திற்குள் நுழையுமுன் அப்பகுதி கழற்றி விடப்படுகிறது. அதன்பின் அம்மோனியா கொதித்து ஆவியாகி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நீங்கள் பாடத்தில் படிக்கும் உள்ளுறை வெப்பம்தான் இது. ஆனால், கொண்டுவந்த அம்மோனியா தீர்ந்தால் குளிர்ச்சியும் தீர்ந்துவிடும்.

"கதவைத் திறந்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். 1961இல் லிபர்ட்டி பெல் 7 கலத்தின் கதவு முன்கூட்டியே திறந்துகொண்டது. நீர் புகுந்து கலம் மூழ்கியது. 2020இல் டிராகன் கலம் கடலில் இறங்கியபோது, வெளியே நச்சு வாயு தென்பட்டதால் கதவைத் திறக்கத் தாமதமானது.

மீட்புக் கப்பல் எப்போதும் அருகில் இருக்கும் என்றும் நம்ப முடியாது. 1962இல் ஸ்காட் கார்ப்பென்டர் குறித்த இடத்தைத் தாண்டி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி இறங்கினார். வெப்பம் மிகுந்த கலத்தின் குறுகிய முனை வழியே வெளியேறி, மிதவையில் சுமார் மூன்று மணி நேரம் காத்திருந்தார்.

அதனால்தான், 2022 டிசம்பரில் ஆளில்லாமல் திரும்பிய ஆர்ட்டெமிஸ் 1 பயணத்தின் ஓரியனைப் பொறியியலாளர்கள் உடனே கரையேற்றவில்லை. சுமார் இரண்டு மணி நேரம் கடலிலேயே மிதக்கவிட்டு, சூடு உள்ளே எப்படிப் பரவுகிறது என்று அளந்தார்கள். பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் நேரம்தான். ஆனால், ராக்கெட் ஏவப்பட்ட நொடிக்குத் தரும் அதே மதிப்பை இதற்கும் தர வேண்டும் என்பேன்.

விண்கலத்தின் எடையைக் குறைக்க நினைப்பவர்கள், இறங்கிய பின் தேவைப்படும் குளிர்ச்சியில் கைவைக்கக் கூடாது. வீரர் கதவைத் தாண்டி வெளிக்காற்றைச் சுவாசிக்கும் வரை பயணம் முடிவதில்லை. அடுத்த முறை விண்கலம் கடலில் இறங்கும்போது, கைதட்டுவதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள், கதவு திறக்கட்டும்.