ஆறு மணி விருந்தாளி

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. நம் வகுப்பு மாணவன் ஒருவன் துண்டுக்குள் எதையோ பொத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தான். "ஸார், எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு கிளி விழுந்து கிடந்தது. அப்பா கூண்டு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்" என்றான். துண்டை விலக்கினோம். "கிளியாவது! இது மீன்கொத்தி" என்றார் அருகிலிருந்த கணக்கு ஆசிரியர்.

இருவர் மீதும் குற்றமில்லை. முதுகு பச்சை, சிறகில் பளிச்சென்ற நீலம், மார்பு மங்கிய மஞ்சள், வாலடியில் குங்குமச் சிவப்பு, தொண்டை வெண்மை, கண்ணின் குறுக்கே மை தீட்டினாற் போல் ஒரு கறுப்புப் பட்டை. ஆனால் நிறத்தை மட்டும் நம்புகிறவர் ஏமாந்து போவார். கிளியின் மூக்கு வளைந்திருக்கும். மீன்கொத்தியின் மூக்கு ஈட்டி போல நீண்டிருக்கும். இதற்கோ நேரான, தடித்த மூக்கு. வால் மிகக் குட்டை, கால்கள் நெடியவை. தரையில் தத்தித் தத்திச் சென்று, சருகைப் புரட்டிப் பூச்சி புழுக்களைப் பொறுக்கித் தின்னும் ஜாதி.

இதுதான் ஆறுமணிக் குருவி. அந்தி சந்தி வேளைகளில் இரண்டு ஸ்வரத்தில் சீட்டியடிப்பதால் வந்த பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வதுண்டு. ஹிந்தியில் 'நவரங்'. உலகத்துப் பக்ஷி நூல்களில் 'பிட்டா'. சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லே அது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழை தொடங்கும் பருவத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. பிறகு குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பிரயாணம் இரவிலே. வழியில் களைத்துப்போய் வீடுகளில் வந்து விழுவதும் உண்டு.

காட்டுப் பறவையைக் கூண்டிலடைப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆனால் பையனிடம் நாம் சட்டம் பேசவில்லை. "நூற்றுக்கணக்கான மைல் தாண்டி உன் வீட்டுத் திண்ணைக்கு வந்த விருந்தாளியப்பா இது. விருந்தாளியைப் பூட்டி வைப்பார்களா?" என்று மட்டும் கேட்டோம். அவன் முகம் வாடிவிட்டது.

துளையிட்ட அட்டைப் பெட்டியில், சந்தடியில்லாத இடத்தில் வைத்தோம். வாயில் தண்ணீர் புகட்ட வந்தவர்களைத் தடுத்தோம். மாலையில் தோட்டத்துப் புதரடியில் பெட்டியைத் திறந்ததும், வெளியே தத்தி, ஒரு கணம் நின்று, இலைகளுக்குள் மறைந்தது.

இரண்டு நாள் பையன் நம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மூச்சிரைக்க வந்தான். "ஸார், நேற்று மாலை நம் தோட்டத்தில் அது கூவிற்று, நானே கேட்டேன்! ஆறு மணிக்குச் சரியாகத்தான் கூவியிருக்கும். பள்ளிக்கூடத்துக் கடிகாரந்தான் பத்து நிமிஷம் தாமதம்!"