கையில் பார்க்கும் பி.பி. மட்டும் போதாது!

மணவாள நகரில் என் வைத்தியசாலைக்கு ஒரு மாமியார் தன் மருமகளை அழைத்து வந்தார். மருமகளுக்கு வயது 28. "டாக்டரய்யா, நாலு படி ஏறினா இவளுக்கு மூச்சு வாங்குது. திருவள்ளூர் ஸ்டேஷன் மேம்பாலத்துல பாதியிலேயே நின்னுடறா. சோம்பேறித்தனம்னு நெனச்சேன்" என்றார். இரத்த சோகை என்று இரும்புச் சத்து மாத்திரை, ஆஸ்துமா என்று உறிஞ்சும் மருந்து, எல்லாம் ஏற்கெனவே கொடுத்துப் பார்த்தாகிவிட்டது.

பி.பி. பார்த்தேன். 110/70. நானும் ஆடாதொடை மணப்பாகும் தாளிசாதி சூரணமும் கொடுத்து அனுப்பிவிட்டேன். தப்புதான்! இரண்டு வாரம் கழித்து வந்தபோது கணுக்காலில் வீக்கம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எக்கோ எடுக்கச் சென்னைக்கு அனுப்பினேன். அதில் சந்தேகம் வலுத்தது. வலது இதயம் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி அளந்து உறுதி செய்தார்கள்: நுரையீரல் தமனி இரத்த அழுத்தம்.

"நுரையீரலுக்குத் தனியா ஒரு பி.பி.யா?" என்று கேட்பீர்கள். ஆமாங்க. வலது இதயம் நுரையீரலுக்கு இரத்தம் அனுப்பும் பாதையில் சராசரி அழுத்தம் 14 அளவில்தான் இருக்கும். 20-ஐத் தாண்டினால் கோளாறு. இதைக் கையில் பட்டை கட்டிப் பார்க்க முடியாது. இந்த நோயில் நுரையீரலின் சிறு தமனிகளே சுருங்கி, சுவர் தடித்துப் போகின்றன. வலது இதயம் தள்ளித் தள்ளிக் களைத்துவிடுகிறது.

தமனி ஏன் தடிக்கிறது? கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், நெருப்பு இருக்கும் இடத்தில் பொறியும் பறக்கும். நம் செல்களும் பிராணவாயுவைப் பயன்படுத்தும்போது 'சூப்பர் ஆக்சைடு' என்ற பொறி கிளம்புகிறது. ஆக்சிடேஸ் வகை என்சைம்கள் சில இதை அதிகமாகக் கிளப்பும். 'சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ்' என்ற என்சைம் அணைக்கும். நோயாளிகளின் நுரையீரலில் கிளப்புவது கூடி, அணைப்பது குறைந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். மிஞ்சிய பொறி, இரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்துத் தின்றுவிடும். தளர்த்த ஆளில்லாமல் குழாய் இறுகிக்கொள்கிறது. (இரத்தக் குழாயில் அந்த நைட்ரிக் ஆக்சைடு செய்யும் வேலையைக் கண்டறிந்ததற்குத்தான் 1998-இல் மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.)

இதைப் படித்ததும் சிலர், "அப்போ ஆன்டி ஆக்சிடென்ட் சாப்பிட்டா சரியாயிடுமே! நெல்லிக்காய் லேகியம் இருக்கே!" என்பார்கள். எங்கள் சித்த வைத்தியர்களிலேயே சிலர் டப்பா மேல் அப்படி எழுதி விற்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நெல்லிக்காய்க்கு நான் எதிரியில்லை, என் வீட்டில் தினமும் உண்டு. ஆனால் அணைக்கும் என்சைமைச் செல் தனக்குள்ளேயே செய்துகொள்ள வேண்டும். வாயால் விழுங்கினால் அது பருப்பிலுள்ள புரதம் போலச் செரித்துவிடும். ஆர்ச்சர் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்நோய் வரும் ஒருவகை எலியில் இந்த என்சைமுக்கான மரபணு கெட்டுப் போகவில்லை, பூட்டப்பட்டிருந்தது என்று கண்டார்கள். அந்தப் பூட்டை மனிதரில் எங்கள் லேகியம் திறக்கும் என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. நிரூபிக்காததை நோயாளியிடம் விற்கலாமா?

அந்தப் பெண்ணுக்கு எழுதித் தந்த மாத்திரையைப் பார்த்துக் கணவர் திகைத்தே போனார். சில்டனாபில்! "டாக்டர், இது ஆம்பளைங்க மாத்திரை இல்லையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நைட்ரிக் ஆக்சைடு சொல்லும் சேதியை நீண்ட நேரம் நிலைக்க வைப்பதுதான் அந்த மருந்தின் வேலை. 2005-இலிருந்து இந்த நோய்க்கும் அங்கீகாரம் உண்டு என்று விளக்கினேன். ஒரு எச்சரிக்கை: நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டுடன் இதைச் சேர்த்தால் பி.பி. அபாயகரமாக இறங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நோயுள்ள பெண் கருத்தரித்தால் அவள் உயிருக்கே ஆபத்து. போசன்டான் போன்ற மருந்து சாப்பிட்டால் கருவுக்கும் கேடு. "கல்யாணமாகி நாலு வருஷமாச்சே, ஒரு குழந்தை..." என்று மாமியார் என்னிடம் கருப்பைக்கு மருந்து கேட்டார். கொடுக்கவில்லை. அவர் முகம் வாடியது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆலைப் புகையா காரணம் என்று இங்கே பலர் கேட்கிறார்கள். புகை நுரையீரலைக் கெடுத்து, அதனால் அழுத்தம் ஏறுவது வேறு வகை. கேரளத்தில் 50 மருத்துவமனைகள் 2,003 நோயாளிகளைப் பதிவு செய்து 2018-இல் வெளியிட்டன. அதில் பாதிக்கு மேல் இடது இதயக் கோளாறால் வந்தவை. தமனியே கெட்டது ஐந்தில் ஒருவருக்குத்தான். பிறவியில் இதயத்தில் ஓட்டை இருந்து, காலத்தில் அடைக்காமல் விட்டாலும் தமனி கெடும். இளைப்பதற்கென்று கண்ட மாத்திரையை விழுங்குவதும் ஆபத்துதான். 1960-களில் அமினோரெக்ஸ் என்ற பசியடக்கும் மாத்திரையால் ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியாவில் பலருக்கு இந்நோய் வந்தது.

காரணம் தெரியாத மூச்சு வாங்கல், மயக்கம், கால் வீக்கம் இருந்தால் என்னிடம் வருமுன் எக்கோ எடுத்துவிடுங்கள். நான் கொடுக்கும் மருந்தையும் இதய மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் மாத்திரையை என் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள்.

அந்த மாமியார் மூட்டு வலித் தைலம் வாங்க மாதாமாதம் வருகிறார். மருமகள் இப்போதும் மேம்பாலத்தில் ஒருமுறை நின்றுதான் ஏறுகிறாளாம். "நானும் கூடவே நின்னுக்கிறேன் டாக்டரய்யா" என்கிறார்.